சோபாவில் அமர்ந்து கணினி விளையாட்டு: கண்ட்ரோலர் குறித்த வாசகர் கேள்விகள்

கணினியை வரவேற்பறைத் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடுவது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன: மேசையை விட்டு எழுந்து சோபாவுக்கு வந்தபின் கையில் எதைப் பிடிப்பது, அதற்கு எப்படிப் பழகுவது? எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாகக் கண்ட்ரோலருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நீண்ட எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றின் மூலம் என் கணினியை வரவேற்பறைத் தொலைக்காட்சியுடன் இணைத்திருக்கிறேன். மடியில் பலகை வைத்து, அதன்மேல் கீபோர்டையும் மவுசையும் வைத்து ஆடுவதால் கழுத்தும் தோளும் வலிக்கின்றன. நான் அதிகம் ஆடுவது நாகரிகங்களை வளர்க்கும் வியூக விளையாட்டுகளும், கதையோடு கூடிய சாகச விளையாட்டுகளும்தான். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கண்ட்ரோலரைப் பழைய பொருளாகவாவது தேடி வாங்கும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். கடைக்காரரோ எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரே போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகர், திருச்சி

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடைக்காரர் உங்கள் சாகச விளையாட்டுகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார், நண்பர் உங்கள் வியூக விளையாட்டுகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார். எந்தக் கண்ட்ரோலர் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், நாம் ஆடும் விளையாட்டு எந்தக் கருவியை எண்ணி உருவாக்கப்பட்டது என்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மவுஸ் இடத்தைக் கட்டுப்படுத்துகிறது, ஸ்டிக் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மேசைமேல் மவுசைச் சிறிது நகர்த்தினால் திரையில் அம்புக்குறியும் அதற்கேற்ற தொலைவு நகர்ந்து, கை நின்ற இடத்தில் தானும் நின்றுவிடும். கண்ட்ரோலரின் ஸ்டிக்கைச் சாய்த்தாலோ, சாய்வின் அளவுக்கேற்ற வேகத்தில் அது நகரத் தொடங்கி, விரலை நடுவுக்குக் கொண்டுவரும் வரை நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்கு, வேண்டிய கணத்தில் விரலைத் தளர்த்தத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாத்திரத்தை நடக்க வைப்பதற்கும் ஓட வைப்பதற்கும் வண்டியின் திசையைத் திருப்புவதற்கும் இந்த வேகக் கட்டுப்பாடு மிகப் பொருத்தமானது. மெதுவாகச் சாய்த்தால் நடை, முழுவதும் சாய்த்தால் ஓட்டம் என்ற நயத்தைக் கீபோர்டின் பொத்தான்களால் தர இயலாது. ஆனால் வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் நாற்பது சின்னங்களில் ஒன்றைத் தொட்டு, அடுத்த கணமே திரையின் மறுகோடியிலுள்ள பட்டியலைத் திறக்க வேண்டிய வியூக விளையாட்டில் அதே ஸ்டிக் நம்மைச் சோர்வடையச் செய்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் ஸ்டீம் கண்ட்ரோலர் 2015 நவம்பர் 10 அன்று ஏறக்குறைய 50 டாலர் விலையில் வெளிவந்தது. தொலைக்காட்சித் திரைக்கு ஏற்ற பெரிய எழுத்துகளைக் கொண்ட பிக் பிக்சர் முறையை வால்வ் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2012இல், கணினி விளையாட்டுகளை வாங்கி ஆடுவதற்கான தன் ஸ்டீம் தளத்தில் சேர்த்திருந்தது. மவுசுக்காக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை அந்தத் திரைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதே எஞ்சியிருந்த கேள்வி. வலப்புற ஸ்டிக்கை எடுத்துவிட்டு, இரு கட்டைவிரல்களுக்கும் கீழே இரண்டு வட்டமான ட்ராக்பேடுகளை அவர்கள் வைத்தார்கள். விரலை இழுத்தால் அம்புக்குறி மவுசைப் போலவே நகரும். சுண்டிவிட்டால் உருளும் பந்தைப் போலச் சற்று ஓடி நிற்கும். விரலுக்கு அடியில் நுண்ணிய அதிர்வு எழுந்து, எவ்வளவு நகர்ந்தோம் என்பதை உணர்த்தும். கைப்பிடியின் பின்புறம் இரண்டு பொத்தான்கள், சுட்டுவிரல்களால் இரு நிலைகளில் அழுத்தக்கூடிய டிரிக்கர்கள், கையின் அசைவை அறியும் கைரோ ஆகியனவும் அதில் உண்டு. மவுசுக்கான விளையாட்டை மேசையில்லாமல் ஆட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. எனினும் வலப்புற ஸ்டிக்கிற்குப் பழகியவர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள். 2019 நவம்பரில் இருப்பிலிருந்தவற்றை 5 டாலருக்கு விற்றுத் தீர்த்து, வால்வ் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

இன்று அதைப் பழைய பொருளாக வாங்கலாமா? நல்ல நிலையில், கம்பியில்லா இணைப்புக்காகக் கணினியில் செருகும் டாங்கிள் என்ற சிறு கருவியோடு, நியாயமான விலையில் கிடைத்தால் உங்கள் வியூக விளையாட்டுகளுக்காக வாங்கலாம் என்பேன். 2018இல் வந்த ஃபர்ம்வேர் புதுப்பிப்புக்குப் பிறகு அது புளூடூத் வழியாகவும் இயங்கும் என்பதால், டாங்கிள் தொலைந்துபோன கருவியும் முற்றிலும் பயனற்றதாகிவிடாது. ஆனால் பல மடங்கு விலை வைத்துச் சேகரிப்போருக்கு விற்பவர்களிடம் அதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் உதிரிப் பாகமோ உத்தரவாதமோ இல்லாத கருவி அது. அதன் அடிப்படைச் சிந்தனை அதனோடு மறைந்துவிடவும் இல்லை. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினியில் இரண்டு ஸ்டிக்குகளோடு இரண்டு ட்ராக்பேடுகளும் இடம்பெற்றன. அதே அமைப்பைக் கொண்ட புதிய ஸ்டீம் கண்ட்ரோலரை 2025 நவம்பரில் வால்வ் அறிவித்தது.

கடையில் இன்றே எடுக்கக்கூடியவற்றில் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரின் பெரும் நன்மை, அதை விண்டோஸ் உடனே அறிந்துகொள்ளும் என்பதுதான். எக்ஸ்பாக்ஸ் 360 காலத்திலிருந்தே கணினி விளையாட்டுகள் எக்ஸ்இன்புட் என்ற முறையை எண்ணி எழுதப்படுவதால், செருகியவுடன் திரையில் தோன்றும் பொத்தான் படங்களும் கையிலுள்ள பொத்தான்களும் ஒன்றாகவே இருக்கும். அதன் குறைபாடு, கைரோவோ ட்ராக்பேடோ இல்லாமைதான். சோனியின் டூயல்சென்ஸ் கண்ட்ரோலரில் நடுவே ஒரு ட்ராக்பேடும் உள்ளே கைரோவும் உண்டு. ஸ்டீம் வழியாக இவ்விரண்டையும் மவுசாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, பல விளையாட்டுகளில் திரையில் எக்ஸ்பாக்ஸ் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு கையில் சோனியின் வட்டத்தையும் முக்கோணத்தையும் அழுத்தப் பழக வேண்டியிருக்கும். டிரிக்கர்கள் இறுகித் தளரும் புகழ்பெற்ற வசதியும், அதை ஆதரிக்கும் கணினி விளையாட்டுகளில் பெரும்பாலும் யூ.எஸ்.பி. கேபிளில் இணைத்தால் மட்டுமே கிடைக்கும்.

சாகசமும் வியூகமும் கலந்து ஆடும் உங்களுக்கு நான் டூயல்சென்ஸையே சொல்வேன். சாகச விளையாட்டுகளை இரு ஸ்டிக்குகளாலும் வழக்கம்போல் ஆடலாம். வியூக விளையாட்டுகளில் நடுவிலுள்ள ட்ராக்பேடை மவுசாகவும், வலது டிரிக்கரை இடது கிளிக்காகவும், இடது டிரிக்கரை வலது கிளிக்காகவும், இடப்பக்க ஸ்டிக்கை வரைபடத்தை நகர்த்தும் நான்கு பொத்தான்களாகவும் அமைத்துக்கொள்ளுங்கள். கிளிக் செய்யும் வேலையை ட்ராக்பேடிலிருந்து பிரித்து டிரிக்கருக்குக் கொடுப்பது முக்கியம். நகர்த்தும் விரலே அழுத்தவும் வேண்டியிருந்தால், அழுத்தும் கணத்தில் அம்புக்குறி விலகிவிடும். முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுகள் இந்த அமைப்பில் மிக இதமாக இருக்கும். நொடிக்கு நொடி கட்டளையிட வேண்டிய நிகழ்நேர வியூக விளையாட்டுகளை மட்டும் மேசைக்கே விட்டுவிடுங்கள், அவற்றுக்கு எந்தக் கண்ட்ரோலரும் ஈடாகாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது வியூக விளையாட்டின் சிறு எழுத்துகள் படிக்க முடியாதவையாக இருக்கும். விளையாட்டின் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்; இல்லையேல் 4கே தொலைக்காட்சியிலும் 1080பி அளவில் ஆடினால் எழுத்துகள் பெரிதாகும். படத்தின் கூர்மையைச் சற்று இழந்தாலும், கழுத்தை முன்னே நீட்டிப் படிக்கும் துன்பம் நீங்கும். உங்கள் வலிக்கு மடிப்பலகையோடு இந்தச் சிறு எழுத்துகளும் காரணமாக இருந்திருக்கக்கூடும்.

கேள்வி: புதிதாக டூயல்சென்ஸ் வாங்கி இரண்டு வாரங்கள் ஆகின்றன. பத்து ஆண்டுகளாக மவுசில் சுடும் விளையாட்டுகளை ஆடி வந்தவன் நான். கண்ட்ரோலரில் ஒரு குறியைக்கூட என்னால் சரியாக வைக்க முடியவில்லை. கைரோவைப் பயன்படுத்தும்படி சொல்கிறார்கள், ஆனால் அதை இயக்கினால் திரை நடுங்கிக்கொண்டே இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம். பத்து ஆண்டுகள் பழகிய கையை இரண்டு வாரங்களில் இன்னொரு கருவிக்கு மாற்ற எவராலும் இயலாது. மிகக் கடினமான விளையாட்டிலிருந்து நீங்கள் தொடங்கியிருக்கிறீர்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. கண்ட்ரோலரிலேயே பழகியவர்களுக்கும், குறிக்கு அருகில் வந்தவுடன் ஸ்டிக்கின் வேகத்தைக் குறைத்து உதவும் ஏற்பாடு விளையாட்டுக்குள் இருந்தால்தான் குறி எளிதாக அமைகிறது. நீங்கள் ஸ்டிக்கை மவுசாக மாற்றி ஆடினால் அந்த உதவியும் கிடைக்காது. எனவே முதலில், கேமராவை மட்டும் திருப்பினால் போதும் என்ற அளவிலுள்ள ஒரு சாகச விளையாட்டையோ கார் பந்தயத்தையோ எடுத்துக்கொண்டு, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் கண் பார்க்காமல் விரல் அறியும் வரை ஆடுங்கள். சுடும் விளையாட்டுக்கு அதன்பின் வாருங்கள்.

திரை நடுங்குவதற்குக் காரணம் கருவியின் பழுது அன்று. கைரோ எப்போதும் இயங்கும்படி நீங்கள் விட்டிருக்கிறீர்கள். சோபாவில் அமர்ந்திருக்கும் மனிதரின் கை ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. சாய்ந்து உட்காருவது, தண்ணீர்ப் பாட்டிலை எடுப்பது, சிரிப்பது என ஒவ்வொன்றும் திரையைத் திருப்பும். ஸ்டீமில் அந்த விளையாட்டின் பக்கத்திலுள்ள கண்ட்ரோலர் சின்னத்தைத் திறந்து, கைரோவை மவுசாக அமைத்து, அது எப்போது இயங்க வேண்டும் என்ற இடத்தில் இடது டிரிக்கரைத் தேர்ந்தெடுங்கள். குறி பார்ப்பதற்காக அந்த டிரிக்கரை அழுத்தும்போது மட்டும் கைரோ விழித்துக்கொள்ளும், மற்ற நேரங்களில் உறங்கும். பெரிய திருப்பங்களை வலப்பக்க ஸ்டிக்கால் செய்யுங்கள், கடைசி இரண்டு மூன்று பாகை நுண்ணிய திருத்தத்தை மட்டும் மணிக்கட்டால் செய்யுங்கள். இதுதான் கைரோவின் சாரம். ஸ்டிக் தோராயமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்திலிருந்து, நூல் கோக்கும்போது ஊசியின் காதைத் தேடும் நுட்பத்தைக் கை தானாகவே செய்துவிடும்.

அளவை முடிவு செய்வதற்கும் ஸ்டீமிலேயே வழி உண்டு. ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்கு எவ்வளவு மவுஸ் நகர்வு தேவை என்பதை விளையாட்டுக்குள்ளேயே அளந்து பதிந்துகொண்டால், கையின் திருப்பத்தையும் பாத்திரத்தின் திருப்பத்தையும் நேரடி விகிதத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஒன்று என்பது மெய்ம்மையானது என்றாலும் சோபாவில் அமர்ந்திருப்பவருக்கு அது போதாது, கையை முழுவதும் திருப்ப வேண்டியிருக்கும். இரண்டு மடங்கில் தொடங்கி மெல்ல உயர்த்திச் சென்றால், பெரும்பாலானோர் மூன்று அல்லது நான்கு மடங்கில் நிலைகொள்வார்கள். விளையாட்டின் சொந்த அமைப்புகளில் மவுஸ் முடுக்கம் என்பது இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது இருக்கும் வரை கை கற்றுக்கொண்ட அளவு ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு தடை வரக்கூடும். சில விளையாட்டுகள் மவுசையும் கண்ட்ரோலரையும் ஒரே நேரத்தில் ஏற்காமல், கைரோ அசையும்போதெல்லாம் திரையிலுள்ள பொத்தான் படங்களைக் கீபோர்டு எழுத்துகளாக மாற்றி மாற்றிக் காட்டும். சில விளையாட்டுகளில் அந்த மாற்றத்தின்போது ஒரு நொடி ஆட்டமே தடுமாறும். அப்படிப்பட்ட விளையாட்டில் கைரோவை மவுசாக அமைக்காமல் வலப்பக்க ஸ்டிக்காக அமைத்துக்கொள்ளுங்கள். நுட்பம் சற்றுக் குறையும், ஆனால் தடுமாற்றம் இராது. இதற்கெல்லாம் ஒவ்வொருவரும் முதலிலிருந்து உழைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் மற்ற ஆட்டக்காரர்கள் உருவாக்கிப் பகிர்ந்த அமைப்புகள் அதே பக்கத்தில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, உங்கள் கைக்கு ஒவ்வாத இரண்டொரு பொத்தான்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

கேள்வி: கண்ட்ரோலரை மேசையில் வைத்து ஆடும்போது எந்தக் குறையும் இல்லை. சோபாவுக்கு வந்தால் புளூடூத் அடிக்கடி அறுந்து, பாத்திரம் தானாக ஓடிச் சுவரில் மோதுகிறது. தொலைவு மூன்றரை மீட்டர்தான்.
- வாசகி, மதுரை

பதில்: மூன்றரை மீட்டர் என்பது புளூடூத்துக்கு ஒரு தொலைவே அன்று. எனவே இடையில் ஏதோ ஒன்று தடுக்கிறது என்று கொள்ளலாம். முதலில் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். மதர்போர்டிலேயே வைஃபையும் புளூடூத்தும் இருக்கும் கணினிகளில் இரண்டிற்கும் பொதுவான ஆன்டெனாவைத் தனியே திருகிப் பொருத்த வேண்டும். கேபிள் வழியாக இணையத்தைப் பயன்படுத்தும் வீடுகளில் அந்த ஆன்டெனா பெட்டியிலேயே கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது இல்லாவிட்டாலும் கைக்கெட்டும் தொலைவில் புளூடூத் இயங்கிவிடும் என்பதால், சோபாவுக்குப் போகும் வரை குறை வெளியே தெரிவதில்லை.

சிறு டாங்கிளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், யூ.எஸ்.பி. 3.0 இணைப்புகளில் தரவு ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் எழுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே விரிவாக எழுதி வெளியிட்டது. கணினியின் பின்னால் நீல நிறத் துளையில், ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கிற்கு அருகில், சுவருக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே செருகிய டாங்கிளிடமிருந்து நல்ல இணைப்பை எதிர்பார்க்க முடியாது. ஒரு மீட்டர் நீளமுள்ள யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிள் வாங்கி, டாங்கிளைத் தொலைக்காட்சிக்குக் கீழே, சோபாவிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். நூறு இருநூறு ரூபாய்ச் செலவில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேள்வி: பொத்தானை அழுத்தியபின் சற்றுக் கழித்தே பாத்திரம் குதிக்கிறது. கண்ட்ரோலரைக் கேபிளில் இணைத்துப் பார்த்தும் மாற்றமில்லை. கண்ட்ரோலரில் குறையா?
- வாசகர், சேலம்

பதில்: கேபிளில் இணைத்தும் மாறவில்லை என்பதே, குறை கண்ட்ரோலரில் இல்லை என்பதற்குச் சான்று. தொலைக்காட்சியைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். நொடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிநொடி. படத்தை மெருகேற்றுவதற்காகவும் அசைவை வழவழப்பாக்குவதற்காகவும் தொலைக்காட்சி செய்யும் வேலைகள் சில திரைகளில் ஐந்தாறு படங்களின் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. திரைப்படம் பார்க்கும்போது ஒலியும் சேர்ந்தே தாமதமாவதால் அது நமக்குத் தெரிவதில்லை. கணினி இணைந்திருக்கும் எச்.டி.எம்.ஐ. துளைக்குத் தொலைக்காட்சியின் பட அமைப்பில் கேம் மோடை இயக்குங்கள், அந்த வேலைகள் பெரும்பாலும் நின்றுவிடும். பல தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியே அமைப்பு உண்டு என்பதால், துளையை மாற்றிச் செருகியபின் மறுபடியும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் தாமதம் எஞ்சியிருந்தால், விளையாட்டின் அமைப்புகளில், படங்களைத் திரையின் வேகத்தோடு பொருத்தும் வி-சிங்க்கை அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஓராண்டு பயன்படுத்திய கண்ட்ரோலரில், ஸ்டிக்கைத் தொடாமலே கேமரா மெல்ல இடப்பக்கம் திரும்புகிறது. புதிதாக வாங்குவதானால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதை வாங்கச் சொல்கிறார்கள். அது விளம்பரச் சொல்லா, உண்மையிலேயே பயனுள்ளதா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்மையிலேயே பயனுள்ளது. வழக்கமான ஸ்டிக்குக்குள் இரண்டு சிறிய பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. கரிப்பூச்சின்மேல் ஓர் உலோக முனை உரசிச் செல்ல, அதனால் மாறும் மின்தடையை வைத்து ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கருவி அறிகிறது. உரசுவதால் பூச்சு தேய்கிறது, நடுப்பகுதியில் அதிகமாகத் தேய்கிறது. அதனால்தான் தொடாமலே கேமரா நகர்கிறது. ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் உரசல் இல்லை. ஸ்டிக்கின் அடியிலுள்ள காந்தம் அசையும்போது மாறும் காந்தப்புலத்தை ஓர் உணரி தொடாமலேயே அளக்கிறது. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவு இது. செகாவின் ட்ரீம்காஸ்ட் கண்ட்ரோலரில் 1998இலேயே பயன்பட்டது. டி.எம்.ஆர். என்று இப்போது விற்கப்படுபவையும் காந்தத்தை உணர்பவையே, ஆனால் குறைந்த மின்சாரத்தில் கூடுதல் நுட்பத்தோடு அளக்கக்கூடியவை. எக்ஸ்பாக்ஸ், டூயல்சென்ஸ் ஆகியவற்றின் வழக்கமான கண்ட்ரோலர்களில் பொட்டென்ஷியோமீட்டர்தான் இருக்கிறது என்பதால், நாள்தோறும் பல மணி நேரம் ஆடுபவர்கள் காந்த ஸ்டிக் கொண்ட பிற நிறுவனக் கண்ட்ரோலர்களைக் கருதிப் பார்ப்பது அறிவுடைமை.

அவ்வாறு வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேட்டறியுங்கள். பெட்டியின்மேல் கைரோ உண்டு என்று அச்சிட்டிருக்கும், ஆனால் கணினியில் அது இயங்காமல் போகலாம். இக்கண்ட்ரோலர்கள் கணினியிடம் தங்களை எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் என்று காட்டிக்கொள்கின்றன. எக்ஸ்இன்புட் முறையில் இரண்டு ஸ்டிக்குகள், இரண்டு டிரிக்கர்கள், குறிப்பிட்ட பொத்தான்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே இடம் உண்டு, கைரோவின் தரவுக்கு இடமே இல்லை. சிலவற்றை நின்டெண்டோ ஸ்விட்ச் முறைக்கு மாற்றினால் கைரோ கிடைக்கும், ஆனால் அம்முறையில் டிரிக்கர்கள் அழுத்தத்தின் அளவைச் சொல்லாமல் அழுத்தப்பட்டதா இல்லையா என்று மட்டுமே சொல்லும். கார் பந்தயம் ஆடுபவருக்கு அது பேரிழப்பு.

புதியது வாங்குவதற்கு முன், இருப்பதைச் சில மாதங்கள் நீட்டிக்க முடியும். ஸ்டீமின் அமைப்பில் டெட்சோன் என்னும் நடுப்பகுதியைச் சற்றுப் பெரிதாக்கினால், அந்த எல்லைக்குள் நிகழும் நகர்வைக் கருவி புறக்கணித்துவிடும். மிகவும் பெரிதாக்கினால் நுண்ணிய அசைவுகளையும் இழப்பீர்கள் என்பதால், கேமரா நகர்வது நிற்கும் இடம் வரை மட்டும் உயர்த்துங்கள்.

கேள்வி: விபத்தொன்றுக்குப் பிறகு என் தங்கைக்கு வலக் கையில் பிடிமானம் மிகவும் குறைந்துவிட்டது. முன்பு இருவரும் சேர்ந்து ஆடுவோம். இப்போது அவள் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதோடு சரி. ஒரு கையால் ஆடும் வழி ஏதேனும் உண்டா?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. உங்கள் தங்கை மீண்டும் ஆட முடியும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

புதிதாக எதுவும் வாங்காமல் தொடங்குவதென்றால், கைரோ உள்ள கண்ட்ரோலர் ஒன்றை அவர் இடக் கையில் மட்டும் பிடிக்கட்டும். இடப்பக்க ஸ்டிக் நடப்பதற்கு, கையின் திருப்பம் கேமராவுக்கு என்று அமைத்துவிட்டால், வலப்பக்க ஸ்டிக்கின் வேலை முழுவதும் கைரோவுக்குப் போய்விடும். வலப்பக்கமுள்ள நான்கு பொத்தான்களின் வேலையை இடப்பக்கத் திசைப் பொத்தான்களுக்கு மாற்றுங்கள். ஒரு பொத்தானைச் சுருக்கமாக அழுத்தினால் ஒரு செயல், நீண்ட நேரம் அழுத்தினால் இன்னொரு செயல், இரு முறை அழுத்தினால் மூன்றாவது செயல் என்று ஸ்டீமில் அமைக்க முடியும் என்பதால் ஏழெட்டுப் பொத்தான்களால் ஒரு முழு விளையாட்டையும் ஆள முடியும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய செயல்களை, ஒரு முறை அழுத்தினால் இயங்கி மறுமுறை அழுத்தினால் நிற்பவையாக மாற்றுவதைத்தான் முதலில் செய்ய வேண்டும்; கைக்கு அதிகச் சோர்வு தருவது பிடித்துக்கொண்டிருப்பதே. முறை வைத்து ஆடும் விளையாட்டுகளும் புதிர் விளையாட்டுகளும் தொடக்கத்துக்கு ஏற்றவை.

வாங்கும் வசதி இருந்தால், மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் இதற்காகவே உருவானது. அதன்மேல் உள்ளங்கையாலோ முழங்கையாலோகூட அழுத்தக்கூடிய இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள் இருக்கின்றன. பின்புறம் வரிசையாகவுள்ள 3.5 மில்லிமீட்டர் துளைகளில் காலால் மிதிக்கும் ஸ்விட்ச், கன்னத்தால் தொடும் ஸ்விட்ச் என அவரவர் உடலுக்கு ஏற்றவற்றைச் செருகிக்கொள்ளலாம். விண்டோஸிலும் அது இயங்கும். அந்த ஸ்விட்ச்சுகளைத் தனித்தனியே விலைக்கு வாங்கினால் செலவு கூடும். மோனோ ஜாக் கேபிளின் ஒரு முனையில் சாதாரணப் பொத்தான் ஒன்றைப் பற்றவைத்தாலே அத்துளைக்கு ஏற்ற ஸ்விட்ச் ஆகிவிடும் என்பதால், உங்கள் ஊரில் வானொலி, தொலைக்காட்சி பழுது பார்க்கும் ஒருவரிடம் கேட்டாலே செய்து கொடுத்துவிடுவார். வலக் கையில் எஞ்சியிருக்கும் அசைவு எதுவோ, அது பெருவிரலின் சிறு அழுத்தமாக இருந்தாலும், அதற்கும் ஒரு பொத்தானை ஒதுக்குங்கள். எந்த அளவு அழுத்துவது ஏற்றது என்பதை அவருக்குச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலருக்கு மாதந்தோறும் பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ரீசார்ஜபிள் பேட்டரி போடலாமா? இன்னொன்று, ஸ்டீமில் வாங்காத விளையாட்டுகளில் இந்தப் பொத்தான் மாற்றங்களைச் செய்ய இயலுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் போடலாம். ஏஏ அளவுள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் நான்கு வாங்கி, இரண்டு கருவியிலும் இரண்டு சார்ஜரிலுமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். அவற்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.2 வோல்ட் என்பதால், திரையில் காட்டப்படும் பேட்டரி அளவு துல்லியமாக இராது. மற்றபடி கருவிக்கு எந்தத் தீங்கும் இல்லை.

வேறு இடங்களில் வாங்கிய விளையாட்டுகளையும் ஸ்டீமின் பட்டியலில் சேர்க்க முடியும். ஸ்டீமின் மேல் பட்டியிலுள்ள கேம்ஸ் என்பதைத் திறந்து, ஸ்டீம் அல்லாத விளையாட்டைச் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, அந்த விளையாட்டின் கோப்பைக் காட்டினால் போதும். அதன்பின் அதை ஸ்டீமிலிருந்தே தொடங்க வேண்டும். டெஸ்க்டாப் சின்னத்திலிருந்து தொடங்கினால் நீங்கள் அமைத்த மாற்றங்கள் எதுவும் வேலை செய்யா.